கருந்துளையைத் தட்டிப் பார்த்தால் என்ன ஆகும்?

"கருந்துளையின் விளிம்பில் இயற்பியல் விதிகள் எல்லாம் செத்துப்போகின்றன." யூடியூபில் கருந்துளை பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் இப்படி ஒரு வரி வந்துவிடுகிறது. திகில் பட இசை வேறு. அந்த ஒரு வரியில் மூன்று தனித்தனிக் கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன. கருந்துளையின் விளிம்பு என்பது என்ன? அது உறுதியானதா? ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு எந்த இடத்தில் கைவிரிக்கிறது?

விளிம்பு பெரும்பாலும் அமைதியான இடம். அது எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். கோட்பாடு கைவிரிப்பது விளிம்பில் இல்லை, அதற்கும் வெகு உள்ளே. இந்த மூன்றையும் பிரித்துப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சமன்பாடுகள் எதுவும் எழுதப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

விளிம்பு ஒரு சுவர் அல்ல

காற்றுத் தடையை மறந்துவிட்டால், நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பொருள் பூமிக்குத் திரும்பி வராது. இதைத் தப்பிப்பு வேகம் என்கிறோம். பூமியின் எடையில் துளியும் குறைக்காமல் அதன் உருவத்தை மட்டும் அமுக்கிச் சுருக்கினால் இந்த வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆரம் 9 மில்லிமீட்டருக்கு வரும்போது தப்பிப்பு வேகம் ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும். சூரியனுக்கு அந்த ஆரம் 3 கிலோமீட்டர். இந்த அளவில் அமையும் எல்லைக் கோளத்துக்குத்தான் நிகழ்வெல்லை என்று பெயர். அதற்குள் போன எதுவும், ஒளி உட்பட, வெளியே செய்தி அனுப்ப முடியாது.

எண் சரிதான். ஆனால் தப்பிப்பு வேகத்தை வைத்து மனத்தில் வரையும் படம் தவறு. அந்தப் படத்தில் ஒளி கொஞ்ச தூரம் மேலே போய், எறிந்த கல் மாதிரி திரும்பி விழும். 1783-இல் ஜான் மிட்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் முன்வைத்த பொதுச் சார்பியல் வேறு கதை சொல்கிறது. அதில் ஈர்ப்பு என்பது இழுக்கும் விசை அல்ல. வெளியின் மூன்று திசைகளையும் காலத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதற்குக் காலவெளி என்று பெயர். பொருள்கள் அந்தக் காலவெளியை வளைக்கின்றன, அந்த வளைவைத்தான் நாம் ஈர்ப்பாக உணர்கிறோம்.

நிகழ்வெல்லையில் வளைவு எப்படி இருக்கிறது என்றால், நேராக வெளியே பாய்ச்சிய ஒளிக்கதிர் போகவும் முடியாமல் விழவும் செய்யாமல் அதே இடத்தில் நிற்கும். ஒரு அடி உள்ளே தள்ளிப் போனால், வெளியே பாய்ச்சிய ஒளியும் உள்ளேதான் போகும். அங்கே மையம் என்பது ஒரு திசையாக இருப்பதை விட்டுவிட்டு, நாளை என்பதைப் போல ஆகிவிடுகிறது. நாளைக்குப் போகாமல் யாராவது தப்பிக்க முடியுமா?

இவ்வளவு இருந்தும் அந்த எல்லையில் ஒரு கோடோ திரையோ கிடையாது. எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் படம் வெளியானதே, அதேதான். நிறை சுமார் 650 கோடி சூரியன்கள், நிகழ்வெல்லையின் ஆரம் ஏறக்குறைய 1900 கோடி கிலோமீட்டர். நெப்டியூன் சூரியனிலிருந்து 450 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இதன் பிரம்மாண்டம் புரியும். சுற்றிச் சுழலும் கொதிக்கும் வாயுவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த எல்லையைக் கடக்கிறவருக்கு உடம்பில் ஒரு இழுப்பும் தெரியாது. தலைக்கும் காலுக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசம் அவ்வளவு சொற்பம். நிறையைச் சாதாரணக் கோளத்தின் கன அளவால் வகுத்தால் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் குறைவாக வருகிறது! ஆளை நூலாகக் கிழித்துப்போடும் கருந்துளைகள் சிறியவைதான். பத்து சூரிய நிறையுள்ள ஒன்றை நெருங்கினால் எல்லையைத் தொடும் முன்பே கதை முடிந்துவிடும். கருந்துளை பெரிதாகப் பெரிதாக அதன் விளிம்பு சாதுவாகிறது.

அப்படியானால் "விளிம்பில் விதிகள் உடைகின்றன" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நிஜமான வரலாறு உண்டு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் வெளியான சில வாரங்களுக்குள், முதல் உலகப் போரில் ரஷ்ய முனையில் பணியிலிருந்த ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு அவற்றுக்கு ஒரு துல்லியமான தீர்வு கண்டார். 1916-இல் அது வெளியானது, அதே ஆண்டு அவர் இறந்தும் போனார். அவருடைய சூத்திரத்தில் மையத்தில் ஓர் எண் முடிவிலிக்குப் போகிறது. நாம் இன்று நிகழ்வெல்லை என்று சொல்லும் இடத்திலும் அதேபோல ஒன்று முடிவிலிக்குப் போகிறது. இரண்டும் ஒரே மாதிரிக் கோளாறு என்றே பலர் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். ஆனால் இரண்டாவது, அளக்கப் பயன்படுத்திய ஆயங்களின், அதாவது இடத்தையும் காலத்தையும் எண்களால் குறிக்கும் முறையின், கோளாறு. வட துருவத்தில் தீர்க்கரேகைகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய் முட்டுகின்றன என்பதற்காக அங்கே பூமி கிழிந்து கிடக்கவில்லை, இல்லையா? லெமைத்ரு 1933-லேயே இதைக் கண்டுகொண்டார். ஆனால் 1958-இல் ஃபிங்கெல்ஸ்டைனும் 1960-இல் க்ருஸ்காலும் வேறு ஆயங்களில் எழுதிக் காட்டிய பிறகுதான் சந்தேகம் ஒழிந்தது. யூடியூப் இன்னும் 1958-க்கு முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: நிகழ்வெல்லை என்பது திரும்பி வர முடியாத எல்லை, அவ்வளவுதான். அங்கே காலவெளி கிழியவில்லை, கோட்பாடும் கைவிரிக்கவில்லை.

பானையைச் சுண்டிப் பார்ப்பது போல

சரி, விளிம்பு இருக்கிறது. அது நிலைத்து நிற்குமா?

சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு கிடைத்துவிட்டது என்பதாலேயே இயற்கையில் அப்படி ஒன்று நீடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஷ்வார்ட்ஸ்சைல்டு கண்ட கருந்துளை அப்பழுக்கற்ற உருண்டை. அதன்மேல் ஒரு விண்கல் விழுந்தால்? ஒரு நட்சத்திரம் பக்கத்தில் உரசிப் போனால்? அந்தச் சின்னக் குலைவு வளர்ந்துகொண்டே போய் முழு அமைப்பையும் சிதைத்துவிட்டால், நிஜ வானத்தில் கருந்துளையே இருக்காது.

மண்பானை வாங்குகிறவர்கள் விரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை "ணங்" என்று ஒலித்து, அந்த ஒலி மெல்ல அடங்கும். விரிசல் இருந்தால் ஒலியே காட்டிக்கொடுத்துவிடும். இயற்பியலாளர்கள் நிலைப்புத்தன்மை என்று சொல்வதும் இதைத்தான்: லேசாகத் தட்டினால் அதிர்வு அடங்கிப் பழைய வடிவத்துக்கு வருகிறதா, இல்லை வளர்ந்து உடைக்கிறதா?

கருந்துளையைத் தாளில் முதலில் தட்டிப் பார்த்தவர்கள் ரெஜ்ஜேயும் வீலரும். ஆண்டு 1957. அப்போது அந்தப் பொருளுக்குக் கருந்துளை என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. அவர்கள் தொடங்கியதை ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த சி. வி. விஸ்வேஸ்வரா. சுழலாத கருந்துளையின்மேல் விழும் சிறு குலைவுகள் வளராது என்று 1970-இல் வெளியான கட்டுரையில் காட்டினார்.

அதே ஆண்டு அவர் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணினியில் ஒரு கருந்துளையை வைத்து, அதன்மேல் ஓர் ஈர்ப்பலையை, அதாவது காலவெளியிலேயே பரவும் சிற்றலையை, ஏவினார். என்ன திரும்பி வருகிறது என்று பார்த்தார். அகலமான அலையை அனுப்பியபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை. அலையை ஒடுக்கிக்கொண்டே வந்து, அதன் அகலம் கருந்துளையின் அளவை நெருங்கியதும் பதில் கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஏறி இறங்கி, சில சுற்றுகளிலேயே அடங்கிப்போகும் அலை. உள்ளங்கையை வைத்து அமுக்கினால் பானை ஒலிக்காது, விரல் முட்டியால் சுண்ட வேண்டும். அதே சங்கதிதான். இன்னொன்றையும் கவனித்தார்: எந்த வடிவ அலையை அனுப்பினாலும் கடைசியில் வந்த ஒலி ஒன்றே. அது தட்டியவரைப் பொறுத்ததல்ல, கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தது. இந்த அடங்கும் அதிர்வுகளின் அதிர்வெண்களை 1975-இல் டெட்வைலருடன் சேர்ந்து விரிவாகக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்ரமணியன் சந்திரசேகர்.

ஏன் அடங்குகிறது? குலைவின் ஆற்றலுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒரு பகுதி நிகழ்வெல்லைக்குள் விழுந்துவிடும், மறு பகுதி ஈர்ப்பலையாகத் தொலைவுக்குப் போய்விடும். இரண்டு வழியாகவும் திரும்பி வருவது கிடையாது. மிச்சமிருப்பது மறுபடி ஒரு வழுவழுப்பான கருந்துளை, நிறை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும்.

சுழலும் கருந்துளையில் இது அவ்வளவு சுலபமில்லை. 1963-இல் ராய் கெர் கண்டுபிடித்த தீர்வு அது. வானத்தில் இருப்பவை எல்லாம் சுழல்பவைதான். சில அலைகள் அதன் பக்கத்தில் போய் உரசிவிட்டு, சுழற்சியின் ஆற்றலைத் திருடிக்கொண்டு, போனதைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். அப்படி வரும் அலையை ஒரு கண்ணாடியை வைத்து மறுபடி மறுபடி உள்ளே திருப்பிவிட்டால் அது பெருகிப் பெருகிக் கடைசியில் வெடிக்கும் என்று பிரஸ்ஸும் டியூகால்ஸ்கியும் 1972-இல் எழுதினார்கள். அதற்குக் கருந்துளை வெடிகுண்டு என்றே பெயர் வைத்தார்கள். நல்லவேளை, விண்வெளியில் கண்ணாடி இல்லை. பெருத்த அலை தன் பாட்டுக்கு ஓடிவிடுகிறது.

நிஜமாகவே ஒலி கேட்டது

2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், 36 சூரிய நிறையுள்ள ஒன்றும் 29 சூரிய நிறையுள்ள ஒன்றுமாக இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்தன. மிஞ்சியது 62 சூரிய நிறை. மீதி மூன்று சூரியன்களின் நிறை ஈர்ப்பலையாகப் போய்விட்டது. பதிவின் கடைசித் துண்டில், நொடிக்கு ஏறக்குறைய 250 அதிர்வுகளில் ஒலித்துச் சில மில்லிநொடிகளில் அடங்கும் அந்த அலை இருந்தது. விஸ்வேஸ்வரா 2017 ஜனவரியில் காலமானார். 1970-இல் கணினியில் கண்டதை வானத்திலிருந்து வந்த பதிவில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது.

2025 ஜனவரி 14 அன்று வந்த இன்னொரு பதிவு இன்னும் துல்லியம். அதில் ஒரே கருந்துளையின் இரண்டு அதிர்வுகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. இரண்டும் கெர் தீர்வு சொல்வதோடு ஒத்துப்போயின. மோதலுக்கு முன் இரண்டு நிகழ்வெல்லைகளின் மொத்தப் பரப்பு சுமார் 2.4 லட்சம் சதுர கிலோமீட்டர், பின்னர் சுமார் 4 லட்சம். பரப்பு குறையவே குறையாது, கூடத்தான் செய்யும் என்று ஹாக்கிங் 1971-இல் சொல்லியிருந்தார்.

கணிதக்காரர்கள் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

மேலே சொன்ன கணக்குகளில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. குலைவு மிகச் சிறியது என்று வைத்துக்கொண்டு, குலைவே உண்டாக்கும் ஈர்ப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஈர்ப்பலைக்கும் ஆற்றல் உண்டு, ஆற்றல் இருந்தால் ஈர்ப்பும் உண்டு. அலை தன்னையே வளைத்துக்கொள்ளும். அந்தச் சின்னச் சின்ன மிச்சங்கள் கோடி ஆண்டுகளில் கூடிப் பெரிதாகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வெறும் வெற்றுக் காலவெளி இந்தச் சோதனையைத் தாங்கும் என்று நிறுவவே 1993 வரை ஆயிற்று. கிறிஸ்டோடூலோவும் க்ளைனர்மனும் அதற்காக ஒரு முழுப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. சுழலாத கருந்துளைக்கு டாஃபெர்மோஸும் மூன்று கூட்டாளிகளும் 2021-இல் வந்து சேர்ந்தார்கள். மெதுவாகச் சுழல்பவற்றுக்கு ஜியோர்ஜி, க்ளைனர்மன், செஃப்டெல் மூவரும் 2022-இல் வெளியிட்ட கட்டுரை மட்டும் 900 பக்கங்களுக்கு மேல், அதற்கு முன்னோடிக் கட்டுரைகள் தனி. வேகமாகச் சுழல்பவற்றுக்கு அதே முழுமையான நிறுவல் இன்னும் பாக்கி. உச்ச வரம்பு வேகத்திலேயே சுழலும் கருந்துளையின் எல்லையில் சில அதிர்வுகள் அடங்காமல் நின்றுவிடுகின்றன என்று அரெட்டாகிஸ் காட்டியிருக்கிறார். ஆனால் அது கத்தி முனையில் நிற்கும் தனி விதிவிலக்கு.

இதுவரை பார்த்தது: வெளி எல்லையைத் தட்டினால் ஒலித்து அடங்குகிறது. கணினியும் வானமும், இதுவரை நிறுவிய அளவில் கணிதமும், இதையே சொல்கின்றன.

கோட்பாடு கைவிரிக்கும் இடம்

இப்போது உள்ளே போவோம். 1955-இல் கொல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி, ஈர்ப்பு எப்படிப் பாதைகளை ஒன்றை நோக்கி ஒன்று குவிக்கிறது என்று காட்டும் ஒரு சமன்பாட்டை எழுதினார். பாதைகள் குவிவதைப் பற்றிய அதே சிந்தனையை வைத்து 1965-இல் ரோஜர் பென்ரோஸ் ஒரு முடிவை நிறுவினார்: ஒளி வெளியேற முடியாத பகுதி ஒன்று உருவாகிவிட்டால், அதற்குள் ஏதோ ஒரு பாதையாவது திடீரென்று முடிந்தே தீரும். அதற்குமேல் அங்கே காலமும் இல்லை, இடமும் இல்லை. பாதை இப்படி அற்றுப்போவதைத்தான் ஒருமை என்கிறோம். "முடிவிலி அடர்த்தியுள்ள ஒரு புள்ளி" என்பது இதன் கொச்சையான வடிவம். பென்ரோஸின் தேற்றம் அடர்த்தி பற்றி எதுவும் சொல்வதில்லை. இந்த வேலைக்கு 2020-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொதுச் சார்பியல் தன் வரம்பைத் தானே சொல்லிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் அணுவைவிடப் பல மடங்கு சிறிய அளவுகளில் ஈர்ப்பு மூர்க்கமாகிறது. அங்கே நுண்துகள்களின் விதிகளான குவாண்டம் இயற்பியலும் ஈர்ப்பும் சேர்ந்த ஒரு கோட்பாடு வேண்டும். அது நம்மிடம் இல்லை. ஆனால் அந்த அறியாமை வெளியே கசியாமல் நிகழ்வெல்லை மூடி வைத்திருக்கிறது. எந்த ஒருமையும் திறந்த வெளியில் தெரியாது என்று பென்ரோஸ் 1969-இல் ஊகித்தார். இன்னும் அது ஊகம்தான்.

சுழலும் கருந்துளைக்குள் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே இரண்டாவதாக ஓர் உள் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் வேறு பிரபஞ்சத்துக்குக் கதவு, கடந்த காலத்துக்குப் போகும் பாதை என்றெல்லாம் கெர் தீர்வு காட்டும். வீடியோக்களுக்குத் தீனி! ஆனால் அது தட்டிப் பார்க்காத பானையின் கதை. உள் எல்லையை நெருங்குகிறவரின் கொஞ்ச நேரத்துக்குள் வெளி உலகின் எதிர்காலம் முழுவதும் வந்து சேரும். அந்தக் காலமெல்லாம் உள்ளே விழுந்த ஒளி ஒரே இடத்தில் குவிவதால், சின்னச் சிற்றலையின் ஆற்றலும் எல்லையில்லாமல் பெருகும். 1990-இல் எரிக் பாய்சன், வெர்னர் இஸ்ரேல் என்ற இரு இயற்பியலாளர்கள் இதை ஓர் எளிய மாதிரியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். வெளிப் பானை தாங்கியது, உள் பானை நொறுங்குகிறது.

அது நொறுங்குவதுதான் நமக்கு நல்லது. உள் எல்லைக்கு அப்பால் போனால் இன்றைய நிலையை வைத்து நாளையைச் சமன்பாட்டால் சொல்ல முடியாது. அங்கே போகும் வழி அடைபட்டால் கோட்பாட்டின் மானம் தப்பும். 2017-இல் டாஃபெர்மோஸும் லுக்கும் இதில் ஒரு முள்ளை வைத்தார்கள். காலவெளி அங்கே கசங்குகிறது, ஆனால் எதிர்பார்த்த மாதிரி முற்றாக அற்றுப்போகவில்லை. அந்தக் கசங்கலைத் தாண்டினால் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு அர்த்தம் உண்டா என்பதில்தான் இப்போதைய விவாதம்.

விளிம்பைப் பற்றிய உண்மையான சந்தேகம்

விளிம்பு உடையலாம் என்று சொல்லும் பொறுப்பான வாதமும் உண்டு. அது குவாண்டம் பக்கத்திலிருந்து வருகிறது. கருந்துளை மிக மெல்லிய வெப்பக் கதிர்களை விடுகிறது, அதனால் சுருங்குகிறது என்று 1974-இல் ஹாக்கிங் காட்டினார். பரப்பு குறையாது என்று தானே சொன்னதற்கு அவரே விலக்கு கண்டுபிடித்தார். சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. பிரபஞ்சப் பின்னணியோ 2.7 கெல்வின். எனவே இன்றைக்கு அது இழப்பதைவிடப் பெறுவதே அதிகம். தனியாக விட்டாலும் ஆவியாகி முடிய 1-க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட அத்தனை ஆண்டுகள் ஆகும்.

அப்படி ஆவியாகும்போது உள்ளே விழுந்தவற்றின் தகவல் என்ன ஆகிறது என்ற கேள்வியிலிருந்து, வயதான கருந்துளையின் விளிம்பு அமைதியாக இருக்க முடியாது, அங்கே ஒரு நெருப்புச் சுவர் இருக்க வேண்டும் என்று 2012-இல் நால்வர் வாதிட்டார்கள். ஒப்புக்கொள்வோர் குறைவு, வாதத்தில் ஓட்டை எங்கே என்பதிலும் ஒருமித்த பதில் இல்லை. விளிம்பில் புதிதாக ஏதாவது இருந்தால், இணைப்புக்குப் பின் வரும் ஒலி அடங்கியதும் எதிரொலிகள் வரலாம். லைகோ பதிவுகளில் தேடினார்கள். நம்பும்படியாக எதுவும் அகப்படவில்லை. அந்தப் பதிவுகளில் ஒலி சில மில்லிநொடிகளே நீடிப்பதால் தேடுவதும் கஷ்டம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்த லீசா திட்டத்தில் மூன்று விண்கலங்கள் 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கும். 2035 வாக்கில் ஏவத் திட்டம். பத்து லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளைகள் இணைந்தால் அதற்குக் கேட்கும். அவற்றின் ஒலி அடங்கச் சுமார் ஒரு நிமிடம் ஆகும்.